செவ்வரத்தையின் நிறங்கள்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

1. பெயரும் பிரச்சினையும்

யாழ்ப்பாணத்து வீடுகளின் முன்வளவிலும், மட்டக்களப்புப் பகுதிக் கோயில்களின் நந்தவனங்களிலும், மலையகத்துத் தோட்டக் குடியிருப்புகளின் ஓரங்களிலும் செவ்வரத்தை நிற்கின்றது. அதனை அரிய செடியென்று எவரும் கருதுவதில்லை. காளிக்கும் பிள்ளையாருக்கும் சாத்தும் பூவாகவும், எண்ணெய் காய்ச்சுவதற்கு வேண்டிய பொருளாகவும், வளவின் எல்லைக்கு மறைப்பாகவும் அது பயன்பட்டு வருகின்றது. தமிழகத்தார் இதனைச் செம்பருத்தி என்பர். சிங்கள மக்கள் வழங்கும் சப்பாத்து மல் என்ற பெயரும், இந்தோனேசிய மொழியிலுள்ள கெம்பாங் செபாத்து என்ற பெயரும், இப்பூவின் இதழை நசுக்கிச் சப்பாத்துக்கு மினுக்கமேற்றிய வழக்கத்தைச் சுட்டுவன.

இவற்றுள் தமிழ்ப் பெயர் தன்னளவில் ஒரு வரலாற்றுச் சான்றாகும். செம்மை என்ற நிறம் அப்பெயரின் முதலிலேயே நிற்கின்றது. இன்று நாம் மஞ்சட் செவ்வரத்தை என்றும் வெள்ளைச் செவ்வரத்தை என்றும் கூசாமற் கூறுகின்றோம். சொல்லளவில் நோக்கினால் இவை முரண்தொடர்கள். மஞ்சளும் வெள்ளையும் வந்துசேர்வதற்கு முன்னரே செடிக்குப் பெயர் அமைந்துவிட்டது என்பதையும், பின்வந்த நிறங்களுக்குப் புதுப்பெயர் சூட்ட வேண்டிய தேவையை மக்கள் உணரவில்லை என்பதையும் இம்முரண் காட்டுகின்றது.

அவ்வாறாயின், பின்வந்த நிறங்கள் எங்கிருந்து வந்தன? எவர் அவற்றை உருவாக்கினர்? எத்தகைய சமூக நிலைமைகளில் அவை உருவாயின? தோட்டக்கலை நூல்கள் இவ்வினாக்களுக்கு ஒரு வகையான விடையைத் தருகின்றன. குறித்த ஆண்டில், குறித்த கனவான், குறித்த இரு செடிகளைக் கலந்து ஒரு புதிய நிறத்தைப் பெற்றார் என்பதே அவ்விடை. அது பொய்யன்று, ஆயின் முழுமையுமன்று. அக்கனவானின் கைக்குச் செடி எவ்வாறு வந்தது, அவருடைய ஓய்வுக்கும் செல்வத்துக்கும் ஆதாரமாயிருந்த உழைப்பு எவருடையது, நிறத்தை ஈந்த காட்டுச்செடி பின்னர் என்னவாயிற்று என்பன அவ்விடையில் இடம்பெறுவதில்லை. அவற்றையும் சேர்த்து நோக்க இக்கட்டுரையில் முனைவோம்.

2. சீனத்துப் பூ எனப்பட்ட பசிபிக் பூ

சுவீடிய நாட்டு அறிஞர் லினேயஸ் 1753இல் இச்செடிக்கு இட்ட விஞ்ஞானப் பெயர் ‘சீனத்து றோசா’ என்னும் பொருளுடையது. சீனத்துத் தோட்டங்களில் அது நெடுங்காலம் வளர்க்கப்பட்டமையே இதற்குக் காரணம். எனினும் சீனத்திலோ இந்தியாவிலோ இச்செடி காட்டில் தானாக வளர்ந்ததாகக் காணப்படவில்லை. மனிதர் நட்ட இடங்களிலேயே அது இருந்தது. இதனால் இதன் பூர்வீகம் பற்றித் தாவரவியலாளர் நெடுங்காலம் ஐயுற்றிருந்தனர்.

இவ்வையத்தைப் பரம்பரையலகு ஆய்வுகள் அண்மைக் காலத்தில் பெருமளவு தெளிவித்துள்ளன. லெக்ஸ் தொம்சன், லூக்கா பிராக்லியா முதலியோர் பசிபிக் தீவுகளின் இனங்களை ஒப்புநோக்கி வெளியிட்ட ஆய்வுகளின்படி, நாம் செவ்வரத்தை என்று அழைப்பது இயற்கையில் தோன்றிய தனியினம் அன்று. வனுவாட்டுத் தீவுகளுக்குரிய ஓர் இனமும் தாகித்திப் பகுதிக்குரிய மற்றோர் இனமும் மனிதர் கையில் கலந்து தோன்றிய கலப்பினமே அது. பசிபிக் சமுத்திரத்தில் ஓடங்களில் இடம்பெயர்ந்த ஒஸ்றொனீசிய மக்கள், உணவுப் பயிர்களோடு பூச்செடிகளையும் கொண்டுசென்றனர். தீவுக்குத் தீவு பிரிந்து கிடந்த இரு செடிகள் ஒரே குடியிருப்பில் அருகருகே நடப்பட்டபோதே இக்கலப்பு நிகழ்ந்திருத்தல் வேண்டும். அங்கிருந்து மேற்கு நோக்கிச் சென்று, எழுத்துச் சான்றுகள் தோன்றுமுன்னரே இச்செடி ஆசியக் கரைகளை அடைந்துவிட்டது.

இம்முடிபின் முக்கியத்துவம் பெரிது. அரிய நிறமுள்ள பூவைக் கலப்பினாற் பெறுதல் ஐரோப்பியத் தோட்டக்கலையின் சாதனை என்றே நாம் படித்து வந்தோம். ஆனால், பின்னையோர் அனைவரும் கைக்கொண்ட மூலச்செடியே ஒரு கலப்பினம். அதனை ஆக்கியோர் பெயரறியப்படாத தீவு மக்கள்.

நம் நாட்டில் பழமையாக வளர்க்கப்படும் செவ்வகை பெரும்பாலும் காய்ப்பதில்லை. அடுக்குச் செவ்வரத்தையிலோ கேசரங்களிற் பல அல்லிகளாக மாறிவிடுகின்றன. அதுவும் வித்துத் தருவது அரிது. வித்தில்லாத செடி காற்றாலோ பறவையாலோ பரவமாட்டாது. தடியை முறித்து ஈரமண்ணில் ஊன்றும் ஒரு கை அதற்கு வேண்டும். எனவே தாகித்தி முதல் யாழ்ப்பாணம் வரை எங்கெல்லாம் பழைய செவ்வரத்தை நிற்கின்றதோ, அங்கெல்லாம் யாரோ ஒருவர் அதனைக் கொண்டுசென்று நட்டிருக்கின்றார். சேனைகளின் படையெடுப்பை விவரிக்கும் வரலாறுகள் இக்கைகளைப் பற்றிப் பேசுவதில்லை.

இந்தியக் கரையில் இச்செடி பற்றிய சிறந்த அச்சுச் சான்று ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ என்னும் நூலாகும். கொச்சியில் ஒல்லாந்தக் கம்பனியின் ஆளுநராயிருந்த வான் றீட் தொகுப்பித்த இந்நூல் 1678க்கும் 1693க்கும் இடையில் அம்ஸ்ரடாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதில் இச்செடி ‘செம்பரத்தி’ என்ற நாட்டுப் பெயராலேயே குறிக்கப்படுகின்றது. அந்நூலின் முதற்றொகுதியில், செடிகளைப் பற்றிய அறிவை வழங்கிய ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனின் சான்றுரையும், ரங்கபட்டர், விநாயக பண்டிதர், அப்புபட்டர் என்னும் மூவரின் சான்றுரையும் அச்சிடப்பட்டுள்ளமை மனங்கொள்ளத்தக்கது. அறிவை ஈந்தவரின் பெயரைப் பதிவுசெய்யும் இவ்வழக்கம் பின்வந்த குடியேற்ற ஆட்சிக்காலத் தோட்டக்கலை நூல்களில் அருகிவிட்டது.

3. நிறம் மாறும் முறை

வரலாற்றைத் தொடருமுன், நிறம் மாறும் முறையைச் சுருக்கமாகக் கூறுதல் நன்று. செவ்வரத்தையின் சிவப்பு, அந்தோசயனின் வகையைச் சார்ந்த நிறப்பொருளால் ஆவது. அது கலத்தின் புன்வெற்றிடச் சாற்றிற் கரைந்திருக்கும். பாடசாலை ஆய்வுகூடத்தில் இதழ்ச்சாற்றுக்கு அமிலமிட்டாற் சிவப்பு மிகுதலையும் காரமிட்டாற் பச்சையாகத் திரிதலையும் மாணவர் கண்டிருப்பர். மஞ்சள் நிறத்துக்குக் கரட்டினொயிட்டுகளும் பிளவனோல்களும் காரணமாகின்றன. செந்நிறப் பொருள் குன்றி மஞ்சள் மிகும்போது பொன்னிறமும், இரண்டும் ஒருங்கே இருக்கும்போது செம்மஞ்சளும் கபிலமும் தோன்றும். செந்நிறப் பொருளை ஆக்கும் ஆற்றல் இழக்கப்பட்டாற் பூ வெளிறும். ஊதாவும் சாம்பலும் கலந்த நிறங்கள் இன்று உள்ளன. விற்பனைப் பட்டியல்களில் ‘நீலம்’ எனக் கூறப்படுவது பெரும்பாலும் இந்த ஊதாவே; வானின் நீலம் இச்செடியிற் கிட்டவில்லை. ஒரே செடியின் பூ வெயிற்காலத்தில் ஒரு நிறமாகவும் குளிர்காலத்தில் வேறொரு சாயலாகவும் இருத்தலுமுண்டு.

புதிய நிறம் இருவகையில் வரலாம். ஒன்று, ஒரு கிளையில் தற்செயலாக நிகழும் மாற்றம். சிவந்த பூச்செடியின் ஒரு கொப்பில் மட்டும் வேறு நிறப் பூ மலர்ந்தால், அக்கொப்பை வெட்டித் தனியே வளர்க்கலாம். மற்றையது கலப்பு. காலையிற் பூ விரியும்போதே அதன் கேசரங்களை நீக்கி, வேறொரு செடியின் மகரந்தத்தை ஐந்தாகப் பிரிந்து நிற்கும் குறிகளில் தடவுவர். அவ்வாறு பெற்ற வித்துகளை முளைக்கவைத்து, கன்றுகள் பூக்கும்வரை காத்திருப்பர்.

இவ்வுழைப்பின் பயன் நிச்சயமற்றது. இக்கலப்பினங்களின் நிறமூர்த்த எண்ணிக்கை செடிக்குச் செடி பெரிதும் வேறுபடுகின்றது. ஒரே காயிலிருந்து பிறந்த கன்றுகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதில்லை. அவற்றிற் பெரும்பாலானவை பெற்றோரிலும் தாழ்ந்தனவாய்க் கழிக்கப்படும். நல்லதொரு நிறம் கிட்டினாலும், அதன் வித்தை நட்டு அதே நிறத்தைப் பெறமுடியாது. வெட்டுத்துண்டாலோ ஒட்டினாலோதான் அது பெருகும். அரிய நிறமுள்ள பல வகைகளின் வேர் நலிந்தது. ஆதலின் அவற்றை உறுதியான பழைய வகைகளின் தண்டில் ஒட்டுவர். மேலே புதுமை விளங்க, மண்ணைப் பற்றி நீரை உறிஞ்சும் வேலையைப் பழைய வகை செய்துகொண்டிருக்கும்.

4. மொறீசியஸ்: சீனியும் பூவும்

பழைய செவ்வரத்தை 1731 அளவில் இலண்டனுக்கு அருகிலுள்ள செல்சித் தோட்டத்தில் பிலிப் மில்லரால் வளர்க்கப்பட்டது. ஐரோப்பியர் அதனைக் கண்ணாடி வீடுகளிற் பேணினர். ஆயின் கலப்பு நிகழ்வதற்கு வேறோர் இனம் அதன் அருகே வரவேண்டியிருந்தது. அந்நிகழ்ச்சி இந்து சமுத்திரத் தீவொன்றில் ஏற்பட்டது.

மஸ்கரீன் தீவுக்கூட்டத்துக்குரிய ஓர் இனத்தை ஸ்பானிய அறிஞர் கவனில்லஸ் 1787இல் விவரித்து, லில்லியை ஒத்த பூவுடையது என்னும் பொருளில் ‘லிலிபுளோறஸ்’ எனப் பெயரிட்டார். 1820களில் மொறீசியஸ் தீவில் சாள்ஸ் ரெல்பெயர் என்பவர் இவ்வினத்தைச் செவ்வரத்தையுடன் கலந்து பல நிறக் கலப்பினங்களைப் பெற்றார். அவற்றை அவர் இங்கிலாந்தின் சறே பகுதியில் பெரிய தோட்டமொன்றை வைத்திருந்த, மதுவடிசாலை உரிமையாளரான றொபேட் பாக்கிளேக்கு அனுப்பினார். ரெல்பெயரின் மனைவி அனபெல்லா வரைந்த செவ்வரத்தை ஓவியம் கேட்டிசின் தாவரவியற் சஞ்சிகையில் இடம்பெற்றது. செவ்வரத்தைக் கலப்பின் பதிவுபெற்ற வரலாறு இங்கிருந்தே தொடங்குகின்றது எனலாம். இதே ரெல்பெயர் இதே பாக்கிளேக்கு அனுப்பிய வாழையே பின்னர் டெவன்ஷயர் பிரபுவின் தோட்டத்தை அடைந்து, கவண்டிஷ் என்ற பெயரில் உலகச் சந்தையை நிறைத்தது என்பதும் குறிப்பிடத்தக்கது.

ரெல்பெயர் யார்? 1778இல் பெல்பாஸ்ற் நகரிற் பிறந்தவர், கடற்படை வைத்தியர், 1810இல் பிரித்தானியர் அத்தீவைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றியபோது அங்கு வந்து, ஆட்சியாளரின் நம்பிக்கைக்குரிய உத்தியோகத்தரானவர். பாம்பிள்மூஸ் தாவரவியற் பூங்காவைச் சிலகாலம் மேற்பார்வை செய்தார். 1829இல் தோன்றிய இயற்கை வரலாற்றுக் கழகத்தின் முன்னோடிகளுள் ஒருவராக விளங்கினார். இவையெல்லாம் தாவரவியல் வரலாறுகளிற் காணப்படுவன.

அவர் தீவின் தென்மேற்குக் கரையிலுள்ள பெல் ஓம்பர் என்னும் பெரிய சீனித் தோட்டத்தின் உரிமையாளருள் ஒருவர் என்பதையும் இவற்றோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். அத்தோட்டம் அடிமைகளின் உழைப்பால் நடந்தது. 1825இல் மொறீசியஸ் சீனிக்கு விதிக்கப்பட்ட இறக்குமதித் தீர்வை மேற்கிந்தியச் சீனியின் தீர்வையோடு சமப்படுத்தப்பட்டதும், கரும்புச் செய்கை விரைந்து பெருகியது. அடிமைகளின் வேலைப்பளுவும் உடன் பெருகியது. இலண்டனில் அடிமைமுறை எதிர்ப்பாளர் வெளியிட்ட ஏடு பெல் ஓம்பர் தோட்டத்து அடிமைகள் நடத்தப்பட்ட முறையைக் கடுமையாகக் கண்டித்தது. அதற்கு மறுப்பாக 1830இல் போட் லூயியில் ரெல்பெயர் ஒரு நூலை வெளியிட்டார். தம்முடைய தோட்டத்தில் அடிமைகள் நன்கு பேணப்பட்டனர் என்பதே அதன் வாதம். எவ்வளவு நன்கு பேணப்பட்டாலும் அவர்கள் அடிமைகளே என்ற உண்மை அவ்வாதத்தால் மாறவில்லை.

ஆகவே, ஒரே காலப்பகுதியில், ஒரே மனிதரின் வாழ்வில், பூவின் நிறத்தைப் பற்றிய நுண்ணிய அக்கறையும் அடிமை உடைமையைப் பற்றிய வாதமும் ஒருங்கே இடம்பெற்றன. இதனை ஒருவரின் குணக்கேடாக மட்டும் விளக்குதல் பொருந்தாது. கலப்புச் செய்வதற்கு ஓய்வும் நிலமும் நீரும் வேண்டும். கன்றுகளை ஆண்டுக்கணக்கிற் பேணுதற்கு வேலையாட்கள் வேண்டும். பெற்ற செடியை ஆறாயிரம் மைலுக்கு அப்பால் அனுப்பக் கப்பல்கள் வேண்டும். இவை மூன்றையும் ஒருங்கே அளித்தது பெருந்தோட்ட உற்பத்தி முறையே. ரெல்பெயரின் பெயரும் அவருடைய மனைவியின் பெயரும் செடிகளின் வரலாற்றில் எஞ்சின. அத்தோட்டத்தில் மண்ணைக் கொத்தியோர், நீர் சுமந்தோர் பெயர்கள் எஞ்சவில்லை.

ரெல்பெயர் 1833இல் இறந்தார். 1835இல் அத்தீவில் அடிமைமுறை ஒழிந்தது. பிரித்தானிய அரசு தன் குடியேற்ற நாடுகளின் அடிமை உரிமையாளருக்கு நட்டஈடாக ஒதுக்கிய 20 மில்லியன் பவுணில் இரண்டு மில்லியனுக்கு மேல் மொறீசியஸ் உரிமையாளரைச் சேர்ந்தது. அடிமைகளாயிருந்தோர் எதுவும் பெறவில்லை. 1834 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கொண்டுவரப்பட்டனர். அடுத்த எண்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் வந்த ஏறத்தாழ 450,000 பேருள் சென்னைத் துறைமுகமூடாகச் சென்ற தமிழரும் தெலுங்கரும் அடங்குவர். இலங்கையின் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களை நோக்கித் தமிழ்த் தொழிலாளர் நடந்துவந்த காலமும் ஏறக்குறைய இதுவே என்பதை நாம் நினைவுகூர்தல் தகும்.

5. தாவரவியற் பூங்காக்களும் ஹவாயும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்கத்தா (1787), பேராதனை (1821), சிங்கப்பூர் (1859) ஆகிய இடங்களின் பூங்காக்கள் இலண்டனின் கியூ பூங்காவோடு ஒரு வலைப்பின்னலாக இணைந்தன. கறுவா, சிங்கோனா, இறப்பர் ஆகியவற்றைப் பரப்பிய அதே வலைப்பின்னலே அலங்காரச் செடிகளையும் பரப்பியது. கண்ணாடி மூடிய பெட்டிகளில் செடிகளை உயிரோடு கடல்கடத்தும் முறை 1830கள் முதல் இதனை எளிதாக்கிற்று. இதழ்கள் நுண்ணிதாகக் கீறுண்டு, நீண்ட காம்பில் விளக்குப்போலத் தொங்கும் செவ்வரத்தையை நம் தோட்டங்களிற் காண்கின்றோம். அது கிழக்கு ஆபிரிக்கக் கரைக்குரிய தனியினம். சன்சிபாரிலிருந்த பிரித்தானியப் பிரதிநிதி ஜோன் கேர்க் 1870களில் அதனை வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தினார். இன்றைய பல கலப்பினங்களில் அதன் குருதியும் கலந்துள்ளது. பேராதனைப் பூங்காவிற் பணியாற்றிய மக்மில்லன் 1910இல் வெளியிட்ட வெப்பவலயத் தோட்டக்கலைக் கைந்நூல், இத்தகைய செடிகளை வளர்க்கும் முறைகளைப் பெருந்தோட்டத் துரைமாரின் பங்களாக்கள்வரை கொண்டுசென்றது.

எனினும், நிறப்பெருக்கம் உச்சநிலையை அடைந்தது ஹவாய்த் தீவுகளிலேயாகும். அங்கு ஏற்கெனவே பல சுதேச இனங்கள் இருந்தன. அவற்றுள் வெண்ணிறப் பூவுடைய இரண்டு நறுமணமும் உடையன. இப்பேரினத்தில் நறுமணம் அரிய பண்பு. செந்நிறமும் செம்மஞ்சளும் உடைய வேறு இனங்களும் இருந்தன. பிற தீவுகளிலிருந்து வந்த செவ்வரத்தையும் மஸ்கரீன், ஆபிரிக்க இனங்களின் வழிவந்த கலப்பினங்களும் இவற்றோடு சேர்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வணிகக் குடும்பத்தவரான ஜெரிற் வைல்டர் முதலியோர் பெருமளவிற் கலப்புச் செய்தனர். 1913இல் ஹவாய் விவசாய ஆய்வு நிலையம் இவ்வகைகளை விவரிக்கும் தனிநூலொன்றையே வெளியிட்டது. 1923இல் இப்பூ அத்தீவுகளின் உத்தியோகபூர்வ மலராகச் சட்டசபையால் ஏற்கப்பட்டது.

இவ்வரலாற்றின் பின்னணியும் சீனியே. 1893இல் பெருந்தோட்ட, வணிக நலன்களைச் சார்ந்த ஒரு குழு, அமெரிக்கப் படையினர் கரையிறங்கி நின்ற சூழ்நிலையில், ஹவாயின் அரசியாரைப் பதவி நீக்கியது. 1898இல் தீவுகள் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டன. கரும்புக் காடுகளில் சீன, யப்பானிய, பிலிப்பைன்ஸ் தொழிலாளர் ஒப்பந்த அடிப்படையில் உழைத்தனர். பூப்போட்டிகளும் பரிசுகளும் அவ்வுழைப்பினால் வளம்பெற்ற நகர மாளிகைகளுக்கு உரியனவாயிருந்தன. புதிய வகைகள் பலவற்றுக்கு அம்மாளிகைகளின் சீமாட்டிகளுடைய பெயர்களே இடப்பட்டன. மொறீசியஸ் தீவில் நாம் கண்ட அமைப்பு, நூறாண்டின் பின் வேறொரு சமுத்திரத்தில் மீண்டும் தோன்றிற்று.

6. கொப்பு உடைமையாதல்

ஹவாயிலிருந்து கலப்பினங்கள் புளொறிடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் பரவின. 1950இல் அமெரிக்கச் செவ்வரத்தைக் கழகம் அமைந்தது. பெரிய பூ, பன்னிற வளையங்கள், சாம்பலூதா, கபிலம் என விருப்பம் விரிந்துசென்றது. ஒரே நாள் மலர்ந்து வாடும் பூவுக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கும் பொறுமையை நாம் இகழ்ந்துவிட முடியாது. அவ்வாறு உழைத்தோருட் பெருஞ்செல்வரல்லாத பலரும் இருந்தனர். கலப்புச் செய்தலும் ஓர் உழைப்பே.

ஆயின் இக்காலப்பகுதியிலேயே செடியின் சமூகத் தன்மையும் மாறியது. 1930இல் ஐக்கிய அமெரிக்காவில் இயற்றப்பட்ட செடி உரிமைச் சட்டம், வெட்டுத்துண்டு, ஒட்டு முதலிய வழிகளாற் பெருக்கப்படும் புதுவகைகளுக்குத் தனியுடைமை வழங்கிற்று. அவ்வுரிமை பெற்ற ஒரு வகையின் கொப்பை முறித்து நட்டுப் பெருக்குதல், உரிமையாளரின் அனுமதியின்றேல் குற்றமாயிற்று. செவ்வரத்தை உலகெங்கும் பரவிய வழி யாது? வேலிக்கு அப்பால் நிற்பவள் கேட்க, இப்பால் நிற்பவள் ஒரு கொப்பை முறித்துக் கொடுத்த வழியே. ஆயிரமாண்டுகளாக அச்செடியை வாழவைத்த அச்செயலையே சட்டம் திருட்டாக்கியது. பழைய வகைகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்பது உண்மை. ஆயினும் பழைய வகையின் தண்டில் ஒட்டி வாழும் புதுநிறம் ஒருவரின் சொத்தாகவும், அதனைத் தாங்கும் தண்டு எவருக்கும் உரியதல்லாததாகவும் இருக்கும் நிலை சிந்திக்கத்தக்கது.

இதற்கு மாறானதொரு போக்கையும் இங்குக் கூறவேண்டும். 1960இல் மலாயா நாடு செவ்வரத்தையைத் தன் தேசிய மலராக ஏற்றது. கலப்பினங்கள் மலிந்திருந்த அக்காலத்திலும், அந்நாடு தெரிவுசெய்தது ஐந்து இதழ்களையுடைய, எல்லார் வீட்டிலும் நின்ற சாதாரணச் சிவப்பு வகையையே. பல இனமக்கள் வாழும் ஒரு நாட்டில் ஒரு மலர் பொதுச் சின்னமாவதற்கு அதன் அருமையிலும் பார்க்க அதன் பொதுமையே தகுதியாயிற்று.

7. நிறம் ஈந்தவற்றின் நிலை

நிறத்தை ஈந்த காட்டுச்செடிகள் இன்று எந்நிலையில் உள்ளன என்பதே எஞ்சிய வினா. லிலிபுளோறஸ் இனத்தின் இன்றைய காட்டு இருப்பிடம் மொறீசியசைச் சார்ந்த றொட்றிகஸ் என்னும் சிறு தீவாகும். காடு வெட்டப்பட்டும், ஆடும் மாடும் மேய்ந்தும், அந்நியச் செடிகள் அடர்ந்தும் அத்தீவின் சுதேசத் தாவரங்கள் சீரழிந்தன. லிலிபுளோறசின் காட்டுச்செடிகள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவுக்குக் குறைந்தன. நாற்றுமேடைகளில் அதனைப் பெருக்கி மீண்டும் காட்டில் நடும் முயற்சியாலேயே அது இன்று நிலைக்கின்றது. அதன் வழித்தோன்றல்களோ வெப்பவலய நகரங்களின் வீதியோரங்களில் எண்ணிலவாய் நிற்கின்றன.

மொறீசியஸ் தீவின் மற்றோர் இனத்தின் நிலை இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. மன்ட்றினெற் என அங்குள்ளோர் வழங்கும் செந்நிறப் பூச்செடி இரண்டு மலைகளில் மட்டுமே காட்டில் எஞ்சியுள்ளது. அச்செடிகளின் தொகையும் மிகச் சொற்பம். அதற்குள்ள ஆபத்துகளுள் ஒன்று, தோட்டங்களிலுள்ள செவ்வரத்தையோடு அது கலந்துவிடுதல். கலப்பினால் நிறம் பெற்ற செடி, அதே கலப்பினாற் காட்டுச்செடியின் தனித்தன்மையைக் கரைத்துவிடக்கூடும். ஹவாயின் சுதேச இனங்கள் சிலவும் அமெரிக்க அரசின் அழிவுறும் இனப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன.

மன்ட்றினெற் எஞ்சிய இரு மலைகளுள் ஒன்று லெ மோர்ன். அது பெல் ஓம்பர் அமைந்த அதே தென்மேற்குக் கரையில் எழுந்து நிற்கும் செங்குத்தான பாறை மலை. தோட்டங்களிலிருந்து தப்பியோடிய அடிமைகள் அதன் உச்சியிலும் குகைகளிலும் ஒளிந்து வாழ்ந்தனர். அந்நினைவுக்காகவே 2008இல் யுனெஸ்கோ அம்மலையை உலக மரபுரிமைத் தலமாக ஏற்றது. கரும்புக்கு நிலம் தேடியோர் ஏறமுடியாத இடமாயிருந்தமையாற்றான் அங்கு மனிதர் தப்பினர். அதே காரணத்தாற்றான் செடியும் தப்பியது. தாவர வரலாறும் சமூக வரலாறும் வேறுவேறல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

8. முடிபுரை

இதுவரை கூறியவற்றால் அரிய நிறமுள்ள பூக்களை வளர்த்தல் தவறென்றோ, அவற்றின் அழகு போலியென்றோ நாம் கூற வரவில்லை. அழகை நாடும் விருப்பம் பசிபிக் ஓடக்காரரிடமும் இருந்தது. அவ்விருப்பமின்றி இச்செடியே தோன்றியிராது. நாம் வற்புறுத்த விரும்புவது வேறு. ஒரு புதிய நிறத்தின் வரலாறு அதற்குப் பெயரிட்டவரோடு தொடங்குவதில்லை. காட்டுச்செடியை முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்தவர், கொப்பை முறித்துப் பகிர்ந்தவர், தோட்டத்துக்கு நீர் சுமந்தவர் ஆகியோரும் அவ்வரலாற்றின் பங்காளிகளே.

இந்நோக்கில் நம் நாட்டிலும் செய்யவேண்டிய பணி உண்டு. பல்லாண்டுப் போரினாலும் இடப்பெயர்வினாலும் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ வளவுகள் பாழாகின. மீளக் குடியேறியோர் பலர் உறவினர் வளவிலிருந்து கொப்புகளைக் கொணர்ந்தே தம் முற்றத்தை மீண்டும் உண்டாக்கினர். எந்தச் செவ்வரத்தை எவர் வீட்டிலிருந்து வந்தது என்பதை முதிய பெண்கள் இன்றும் நினைவிற் கொண்டுள்ளனர். மலையகத்திலும் துரைமாரின் பூந்தோட்டங்களில் வேலைசெய்த தோட்டக்காரர்களின் வழித்தோன்றல்கள் உள்ளனர். வகைகளுக்கு அவர்கள் வழங்கும் பெயர்களையும், செடிகள் கைமாறிய வழிகளையும் நமது மாணவர் ஊர்தோறும் சென்று பதிவுசெய்தல் வேண்டும். இட்டி அச்சுதனின் பெயர் 1678இல் அச்சேறியது. அதற்குப் பின் அச்சேறாத பெயர்கள் பல. அவற்றுட் சிலவற்றையேனும், அறிந்தோர் உயிரோடு இருக்கும்போதே நாம் எழுதிவைத்தல் கடனாகும்.